பல துறையினர் சேர்ந்து வேலை செய்யும் பல்கலைக்கழகக் கட்டடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் கட்டடம் வரைவது என் தொழில். திட்டக் கூட்டங்களில் முதல்வர்களும் துறைத் தலைவர்களும் பேராசிரியர்களும் கேட்கும் சந்தேகங்கள், ஊர் மாறினாலும் மாறுவதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வரும் கட்டடக்கலை மாணவர்களும் அவற்றையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாதி நேரம் இதிலேயே போய்விடுவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

"எல்லா டிபார்ட்மென்ட்டையும் ஒரே பில்டிங்ல போட்டுட்டா வேலை முடிஞ்சுதே சார்?"

முடியாது. தரைத்தளத்தில் மெக்கானிக்கல், முதல் மாடியில் கெமிஸ்ட்ரி, இரண்டாம் மாடியில் கணிதம் என்று அடுக்கினால், மூன்று கட்டடங்களை ஒன்றன் தலையில் ஒன்றாக ஏற்றி வைத்த மாதிரிதான் இருக்கும். காலையில் லிஃப்டில் ஏறி, தன் மாடியில் இறங்கி, தன் அறைக்குள் போய்விடுவார்கள். பதினைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், மேல்மாடிக்காரர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று தெரியாமலே ஓய்வு பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பார்க்க வேண்டியது கூரையை அல்ல, வழியை. ஒரு சாதாரண நாளில் யார் யாரை எத்தனை முறை கடந்து போகிறார்கள், கடக்கும்போது நிற்க இடம் இருக்கிறதா, நின்றவர்கள் பேசத் தொடங்கினால் அடுத்தவருக்குத் தொந்தரவு ஆகுமா என்ற மூன்றையும் வரைபடத்திலேயே யோசித்திருந்தால், அது நீங்கள் கேட்கும் கட்டடம்.

"பேசணும்னு நினைக்கிறவங்க எங்க இருந்தாலும் பேசிக்குவாங்க. கட்டடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?"

நானும் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது தாமஸ் ஆலனின் ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (நம் குரோம்பேட்டை எம்ஐடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இனி இந்தப் பக்கத்தில் எம்ஐடி என்றால் அமெரிக்காவில் இருப்பதுதான்) பேராசிரியராக இருந்தவர் அவர். ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை செய்யும் பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு அடிக்கடி வேலை விஷயம் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்து, அதை மேசைகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டார். முடிவுகள் 1977-இல் நூலாக வந்தன.

தூரம் கூடக் கூடப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அவர் வரைந்த கோடோ செங்குத்தாக விழுந்தது. சுமார் 50 மீட்டரைத் தாண்டிவிட்டால், அதற்குமேல் எத்தனை தூரம் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த கட்டடத்தில் இருப்பதும் அடுத்த ஊரில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. 50 மீட்டர் என்பது நம் கல்லூரிகளில் ஒரு பிளாக்கின் நீளம்கூட இல்லை. இயற்பியலும் உயிரியலும் வளாகத்தின் இரு மூலைகளில் இருக்கும் கல்லூரியில் "ஏன் கூட்டு ஆராய்ச்சி நடக்கவில்லை" என்று கேட்டால், நான் முதலில் கேட்பது வளாக வரைபடத்தைத்தான்.

"அதெல்லாம் போன் காலத்துக் கதை. இப்பதான் வாட்ஸ்அப், ஜூம் இருக்கே?"

ஆலனே தொலைபேசியைக் கணக்கில் எடுத்துப் பார்த்தார். நேரில் அடிக்கடி சந்திக்கிறவர்கள்தான் போனிலும் அடிக்கடி பேசிக்கொண்டார்கள்.

மின்னஞ்சல் எங்கும் பரவிவிட்ட காலத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. 2004 முதல் 2014 வரை எம்ஐடி ஆய்வாளர்கள் எழுதிய 40,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளையும் 2,000-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளையும், அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களோடு பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் சேர்ந்து கட்டுரை எழுதும் வாய்ப்பு, 400 மீட்டர் தள்ளி இருப்பவர்களோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.

என் அனுபவத்தில் காரணம் எளிது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு ஜூமில் கேட்கலாம். கேட்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியாதபோது, அவர் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பதைப் போகிற போக்கில் பார்த்தால்தான் உண்டு.

"எல்லாரும் 20-ஆம் நம்பர் கட்டடம்னு உதாரணம் சொல்றாங்க. அப்படி என்ன இருந்தது அதுல?"

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1943-இல், உலகப்போரின் நடுவில், ராடார் ஆராய்ச்சிக்காக எம்ஐடி அவசரமாக எழுப்பிய மூன்று மாடி மரக்கட்டடம் அது. வளாகத்தில் கட்டடங்களுக்கு எண்தான் பெயர், இது 20. போர் முடிந்து ஆறு மாதத்தில் இடித்துவிடுவோம் என்று சொல்லித்தான் தீயணைப்பு விதிகளிலிருந்து விலக்கு வாங்கினார்கள். இடித்தது 1998-இல். 55 வருடம் நின்றது அந்தத் தற்காலிகக் கொட்டகை. கோடையில் வெக்கை, குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்கில் காற்று. அறை எண்கள் அத்தனை குழப்பம். வருடக்கணக்காக இருந்தவர்களே வழி தவறுவார்கள்.

போர் முடிந்ததும், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களெல்லாம் அங்கே வந்து சேர்ந்தார்கள். மின்னணுவியல் ஆய்வுக்கூடம், அணுக்கரு அறிவியல், ஒலியியல், மொழியியல், மாணவர்களின் பொம்மை ரயில் மன்றம் என்று ஒட்டாத சரக்கெல்லாம் ஒரே தாழ்வாரத்தில். நோம் சோம்ஸ்கியும் மாரிஸ் ஹாலியும் நவீன மொழியியலை வளர்த்தது அங்கேதான். அந்த ரயில் மன்றத்துப் பையன்கள் கம்ப்யூட்டர் உலகின் முதல் ஹேக்கர்களில் (திருடர்கள் அல்ல, கம்ப்யூட்டரைக் குடைந்து பார்க்கும் ஆர்வலர்கள்) சிலரானார்கள். ஒலிபெருக்கி நிறுவனத்தால் பின்னாளில் பெயர் பெற்ற அமர் போஸும் அந்தத் தாழ்வாரங்களில் வளர்ந்தவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெரால்ட் சக்கரியாஸ் கதை. அணுக் கடிகாரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார் அந்த இயற்பியலாளர். கருவி உயரமானது, ஒரு மாடிக்குள் அடங்கவில்லை. மேலே இருந்த தளங்களை அறுத்து எடுத்துவிட்டுக் கருவியை நிறுத்தினார். மரக்கட்டடம், எப்படியும் இடிக்கப்போவது. சண்டைக்கு வர யாருக்கும் காரணம் இல்லை. சுவரைத் துளைத்து வயர் இழுக்கவும், தடுப்பைக் கழற்றிப் பக்கத்து அறையோடு சேர்க்கவும் ஒருவரும் கடிதம் எழுதி அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. அந்தக் கட்டடத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு: வேறு வேறு ஆட்கள் நெருங்கி இருந்தார்கள், தங்கள் இடத்தைத் தாங்களே மாற்றும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

"அப்ப மட்டமா, மலிவா கட்டினா நல்ல ஆராய்ச்சி வந்துடுமா?"

வராது. அந்த வெக்கையும் குளிரும் யாருக்கும் உதவவில்லை, சகித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் இந்தக் கதையைச் சொல்லிச் சிக்கனத்தை நியாயப்படுத்த முயலும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒழுகும் கூரைக்குக் கீழே நுண்ணோக்கி வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்சுவர்களில் பாரம் தாங்காதவற்றை எளிதாகக் கழற்றும்படி வையுங்கள். தண்ணீர், மின்சாரம், கேஸ் லைன்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியில் தெரியும்படி ஓட்டுங்கள். "இந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம்" என்பதை எழுத்திலேயே கொடுங்கள். கிரானைட்டும் கண்ணாடியுமாகப் பளபளக்கும் கட்டடத்தில், பேராசிரியர் ஒரு ஒயிட்போர்டு மாட்டவே பராமரிப்புப் பிரிவுக்கு மனு போடும் நிலைமையை நேரில் பார்த்திருக்கிறேன்.

"20-ஐ இடிச்ச இடத்துல வந்த ஸ்டேட்டா சென்டர் ஜெயிச்சுதா, தோத்துதா?"

ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிராங்க் கெரி வடிவமைத்து 2004-இல் திறந்த கட்டடம். செலவு சுமார் 300 மில்லியன் டாலர். கணினி அறிவியலையும் செயற்கை நுண்ணறிவையும் மொழியியலையும் தத்துவத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். தரைத்தளத்தில் கட்டடத்துக்குள்ளேயே ஒரு தெரு ஓடுகிறது. சாப்பாட்டுக் கடையும் வகுப்பறைகளும் உட்காரும் இடங்களும் அதன் ஓரத்தில் இருப்பதால், அங்கே வேலை இல்லாதவர்களும் அதன் வழியே போகிறார்கள். அந்தத் தெரு எனக்குப் பிடித்த பகுதி.

மறுபக்கம், நீர்க்கசிவும் விரிசலும் பூஞ்சையும் என்று சொல்லி, 2007-இல் கெரியின் நிறுவனத்தின் மீதும் ஒப்பந்ததாரர் மீதும் எம்ஐடியே வழக்குப் போட்டது. 2010-இல் சமரசமாக முடிந்தது. எனக்கு உறுத்துவது வேறொன்று. சாய்ந்த சுவரும் வளைந்த சுவரும் பார்க்க அழகு. ஆனால் அடுத்து வருபவர் அங்கே அலமாரி வைக்கவோ அறையை இரண்டாக்கவோ நினைத்தால், கட்டடக்கலைஞர் எடுத்த முடிவு குறுக்கே நிற்கும். சக்கரியாஸ் அங்கே தளத்தை அறுத்திருக்க முடியாது.

"சுவரே வேண்டாம்னு ஓபன் ஹாலா விட்டுட்டா?"

கூட்டங்களில் நான் மிகவும் போராடுவது இந்த யோசனையோடுதான். இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்கள் தடுப்புகளை எடுத்துவிட்டு ஓபன் அலுவலகத்துக்கு மாறியபோது, ஊழியர்களின் கழுத்தில் உணர்கருவி மாட்டி அளந்தார்கள் ஹார்வர்டைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள். 2018-இல் வெளியான அந்த முடிவுப்படி, நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லோரும் பார்க்க, எல்லோரும் கேட்க உட்காரும்போது மனிதர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளுக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

லண்டனில் உள்ள உயிர்மருத்துவ ஆய்வு மையமான பிரான்சிஸ் கிரிக் நிறுவனம், துறைகளைக் கலக்கவேண்டும் என்றே திட்டமிட்டு 2016-இல் திறந்தது. அடுத்த வருடமே, திறந்தவெளி இருக்கைகளில் சத்தத்தால் கவனம் சிதறுகிறது என்று உள்ளே இருப்பவர்கள் குறைப்பட்டது செய்தியானது.

ஆகவே நான் வரைவது, கதவு உள்ள சின்ன அறையும் அகலமான தாழ்வாரமும். கதவைத் திறந்து வைத்தால் வரலாம், சாத்தியிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தின் மரே ஹில் வளாகத்தில் நீண்ட காரிடார் சுமார் 700 அடி. அதில் நடந்தால் நாலு பேரைச் சந்திக்காமல் மறுமுனைக்குப் போக முடியாது. அங்கேயும் தனியறைகளுக்குக் கதவு இருந்தது. யோசிக்க ஒரு கதவு, பேச ஒரு வழி: இரண்டில் ஒன்றை வெட்டினால் மற்றதும் கெடும்.

"ஆர்க்கிடெக்ட் நடுவுல பெரிய ஏட்ரியம் போட்டிருக்கார். அதுவே போதுமே?"

அந்த ஏட்ரியத்தை (கட்டடத்தின் நடுவே மாடிகளின் உயரத்துக்குத் திறந்திருக்கும் கூடம்) கடக்காமல் தன் அறைக்குப் போக முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். முடியும் என்றால் அது திறப்பு விழாவுக்கும் பொங்கல் கோலத்துக்கும் பயன்படும். மற்ற நாட்களில் காலியாகக் கிடக்கும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2012-இல் வெளிவந்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒவ்வொரு ஆய்வாளரும் தன் அறை, தன் ஆய்வகம், பக்கத்துக் கழிவறை, லிஃப்ட் ஆகியவற்றுக்கு இடையே நடக்கும் வழியை வரைந்தார்கள். யாருடைய வழிகள் அதிகமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தனவோ, அவர்கள் சேர்ந்து வேலை செய்வதும் அதிகமாக இருந்தது. நானும் இப்போது எந்த வரைபடத்திலும் முதலில் கழிவறை, தண்ணீர்க் குழாய், ஜெராக்ஸ் மெஷின், மாடிப்படி நான்கையும் குறித்துவிட்டு, அறைகளிலிருந்து பென்சிலால் கோடு இழுத்துப் பார்க்கிறேன். கோடுகள் எங்கே குவிகின்றனவோ அங்கே ஒரு பெஞ்சும் பலகையும்.

"கேன்டீன் எங்க வைக்கிறது?"

ஒன்றே ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக. பேராசிரியர்களுக்குத் தனி அறை வேண்டாம். துறைக்கு ஒரு டீ மெஷின் வேண்டவே வேண்டாம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1962-இல் திறந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில், தலைவர் மாக்ஸ் பெரூட்ஸ் கேன்டீனை ஆராய்ச்சியின் பாகமாகவே நினைத்தார். அதை நடத்தியவர் அவர் மனைவி கிசேலா. காலைக் காப்பி, மதியச் சாப்பாடு, மாலைத் தேநீர் என மூன்று வேளையும் நோபல் பரிசு பெற்றவரும் புதிதாகச் சேர்ந்த மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இயற்பியல் படித்துவிட்டு வந்த கிரிக், உயிர்வேதியியல்காரர் சாங்கர் எல்லோரும் அங்கே இருந்தவர்கள்தான். சிதம்பரத்தில் பிறந்து, இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி, உயிரியலுக்கு மாறி, 2009-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வேலை செய்ததும் அதே ஆய்வகத்தில்தான்.

நம் கல்லூரிகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடை செய்துவருகிறது. அதை உள்ளே கொண்டுவர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு திட்டத்திலும் கேட்கிறேன்.

"எங்ககிட்ட இடம் இல்ல. ஏழு மாடி போட்டே ஆகணும். என்ன பண்றது?"

மாடி என்பது மிக உறுதியான சுவர். கிடைமட்டத்தில் 50 மீட்டர் என்று மேலே சொன்னேனே, ஒரு தளம் மாறினாலே கிட்டத்தட்ட அந்த அளவுக்குப் பேச்சு விழுந்துவிடுகிறது. ஏழு மாடி தவிர்க்க முடியாதது என்றால், இரண்டிரண்டு மாடிகளை உள்படிக்கட்டால் இணைத்து ஒரு வீடு போல ஆக்குங்கள். லிஃப்ட் ஓரமாகவும் படி வெளிச்சத்திலும் இருக்கட்டும். படி அகலமாக, காற்றோட்டமாக, பாதியில் நின்று பேசும் அளவுக்குத் திருப்பத்தில் இடம் விட்டு இருந்தால் இரண்டு மாடி ஏற யாரும் தயங்குவதில்லை. ஆனால் தீ விபத்தின்போது தப்பிக்கும் படிக்கட்டு தனியாக, புகை புகாதபடி மூடியே இருக்க வேண்டும். அழகுக்காக அதைத் திறந்துவிடச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

துறைகளை மாடிவாரியாகப் பிரிக்காமல், ஒவ்வொரு மாடியிலும் ஒரு பிரச்சினையைச் சுற்றி ஆட்களை வையுங்கள். "தண்ணீர்" என்ற மாடியில் சிவில், கெமிஸ்ட்ரி, பொருளாதாரம் மூன்றும் இருக்கலாம்.

"ஆசிட்டும் கேஸும் இருக்கிற லேப் பக்கத்துல கம்ப்யூட்டர்காரங்களை எப்படி உட்கார வைப்பீங்க? சேஃப்டி என்ன ஆகும்?"

நியாயமான பயம். வழி உண்டு. அகமதாபாத் ஐஐஎம்-ஐ வரைந்த லூயி கான்தான், கலிபோர்னியாவில் 1965-இல் முடிந்த சால்க் உயிரியல் ஆய்வு நிறுவனத்தையும் வரைந்தார். அங்கே ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் ஒரு சேவைத் தளம் உண்டு. குழாய், டக்ட், வயர் எல்லாம் அதில். கீழே ஆய்வகம் தூணே இல்லாத நீண்ட கூடம். பழுது பார்ப்பவர்கள் ஆராய்ச்சியைத் தொந்தரவு செய்யாமல் மேலேயே வேலை பார்க்கலாம். கூடத்தை வேண்டியபடி மாற்றலாம். யோசித்து எழுதுவதற்கான சிறு அறைகள் ஆய்வகத்தை விட்டு விலகித் தனிக் கோபுரங்களில் இருக்கின்றன.

ஸ்டான்போர்டில் 2003-இல் திறந்த கிளார்க் மையத்தில் மேசைகளுக்குச் சக்கரம். இணைப்புகள் கூரையிலிருந்து இறங்குகின்றன. நம் பட்ஜெட்டில் சேவைத் தளம் கட்டுப்படியாகாது. அதனால் நான் செய்வது: புகை வெளியேற்றும் ஹூட் தேவைப்படும் லேப்களைக் கட்டடத்தின் ஒரு பக்கமாகச் சேர்ப்பது, எதிர்ப்பக்கத்தில் எழுத்து வேலை, கணினி வேலை, நடுவில் தாழ்வாரம். லேப் சுவரில் கண்ணாடி ஜன்னல். உள்ளே போகாமலே என்ன நடக்கிறது என்று தெரியும். ஆபத்தும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

"நம்ம வெயிலுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?"

நமக்கு இன்னும் நன்றாகவே ஒத்துவரும். மேலே சொன்ன கிளார்க் மையத்தில் உள்ளே காரிடார் இல்லை. வெளிப்புற பால்கனி வழியேதான் நடக்கிறார்கள். திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டியவர்களுக்கு இது புதிதா? பாலகிருஷ்ண தோஷி வரைந்த பெங்களூரு ஐஐஎம்-இல், உயரமும் அகலமுமான கல் தாழ்வாரங்களில் மேலிருந்து கம்பிகளுக்கு ஊடே வெளிச்சம் விழும். ஓரங்களில் உட்கார்ந்து பேசலாம்.

சென்னையிலும் மதுரையிலும் கவனிக்க வேண்டியது நிழலும் மழையும். எட்டடிக்குக் குறைவான தாழ்வாரத்தில் ஐப்பசி மழைச்சாரல் உள்சுவர் வரை அடிக்கும், யாரும் நிற்கமாட்டார்கள். மேற்குப் பக்கம் தாழ்வாரம் வைத்தால் நாலு மணிக்கு, டீ நேரத்தில், அங்கே நிற்க முடியாது.

"எல்லாம் சரி. ரூமை விட்டுக்கொடுக்க எந்த ஹெச்ஓடி சம்மதிப்பார்?"

எனக்கு வரும் கேள்விகளிலேயே கடினமானது இதுதான். வரைபடத்தில் இதற்கு விடை கிடையாது. சதுர அடியைத் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், எத்தனை நல்ல தாழ்வாரமும் எல்லைக்கோடாகிவிடும். ஒரு கல்லூரியில் நாங்கள் பொதுவாக விட்ட இடத்தில் ஆறே மாதத்தில் அலுமினியத் தடுப்பு வந்து பூட்டும் தொங்கியது. தவறு எங்களுடையதும்தான்: அந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்று கட்டும்போதே எழுதி வைக்கவில்லை.

இப்போது வேலையை ஏற்கும் முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இடம் கட்டடத்துக்குச் சொந்தம், துறைக்கு அல்ல, குழுக்களுக்கு மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு மட்டும் ஒதுக்கப்படும். விலை உயர்ந்த கருவிகள் பொது அறையில், அதற்கென்று ஒரு டெக்னீஷியனோடு இருக்கும். இரு துறையினர் சேர்ந்து வழிகாட்டும் மாணவரின் வேலை இரண்டு துறைக் கணக்கிலும் ஏறும். கடைசி நிபந்தனை கட்டடக்கலைஞர் கேட்க வேண்டியதா என்று ஒரு பதிவாளர் கேட்டார். அது இல்லாமல் நான் வரையும் சுவர்களுக்கு வேலை இல்லை என்று சொன்னேன்.

"புதுசா கட்டப் பணம் இல்ல. பழைய பிளாக்தான் இருக்கு."

அப்படியானால் ஆட்களை நகர்த்துங்கள். அது கட்டுவதைவிட மலிவு. இரண்டு துறைகளிலிருந்து நாலு நாலு பேரை ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறைகளில் போடுங்கள். டீ ஒரே இடத்தில் கிடைக்கட்டும். கதவுகளில் கண்ணாடி பதியுங்கள். தாழ்வாரச் சுவரில் ஒரு நீளப் பலகை அடித்துச் சாக்பீஸ் வையுங்கள். பூட்டியே கிடக்கும் ஸ்டோர் ரூம் ஒன்று எல்லாப் பிளாக்கிலும் இருக்கும். அதைக் காலி செய்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

"கட்டினது வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

கூட்டுக் கட்டுரைகளையும் கூட்டு நிதியையும் எண்ணலாம். ஆனால் அவை வெளிவர நாலைந்து வருடம் ஆகும். அதற்குமுன், திறந்து ஒரு வருடம் கழித்து நான் அங்கே போய் ஒரு வாரம் உட்காருகிறேன். காலைப் பத்தரைக்கும் மாலை நாலுக்கும் யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை கதவு திறந்திருக்கிறது, பலகையில் இரண்டு கையெழுத்து இருக்கிறதா என்று குறிக்கிறேன். நாங்கள் போட்ட சோபா காலியாக இருக்க, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் யாரோ இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்கள். சோபாவை அங்கே நகர்த்தச் சொல்லிவிட்டு வருவேன்.